சிற்றின்பவாதமாம்!

சேலத்தில் ஒரு கருத்தரங்கில் இன்பமே வாழ்வின் உயர்ந்த நன்மை என்னும் கொள்கையைக் குறிக்கும் ‘ஹெடோனிசம்’ என்ற சொல்லைப் பேச்சாளர் ‘சிற்றின்பவாதம்’ என்று பெயர்த்தார். அரங்கில் நமட்டுச் சிரிப்பு. அதற்குப் பிறகு அவர் அந்தக் கொள்கையை உடைய பழங்கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸைப் பற்றிச் சொன்னது யார் காதில் ஏறியிருக்கும்? இந்தப் பெயர்ப்பைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

கிரேக்கத்தில் ‘ஹேடொனே’ என்றால் இன்பம். ‘ஹேடூஸ்’ என்றால் இனிய. ஆங்கில ‘ஸ்வீட்’டும் வடமொழி ‘ஸ்வாது’வும் அதே குடும்பம். ஹெடோனிசம் ஆங்கிலத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில். வேர் அவ்வளவுதான்.

நம்மிடம் இன், இனிய, இனிப்பு, இன்பம். மல்கோவாவைக் கீறி ஒரு துண்டை நீட்டி ‘இனிக்கும், சாப்பிட்டுப் பாருங்கள்’ என்கிறாரே கடைவீதிப் பழக்காரர், அவர் வாயில் இருப்பதும் இந்த வேர்தான். உறவில்லாத இரண்டு மொழிகள் நாக்கின் சுவையிலிருந்தே இந்தச் சொல்லை எடுத்திருக்கும்போது, ‘சிறு’ என்ற ஒட்டு எதற்கு?

‘சிற்றின்பம் வெஃகி அறனல்ல செய்யாரே’ என்கிறது 173ஆம் குறள். அதிகாரம் வெஃகாமை, அங்கே சிற்றின்பம் என்பது பிறர் பொருளைக் கவர்ந்து பெறும் நிலையில்லாத இன்பம். பின்னர் வீடுபேறு பேரின்பமானது. அதற்கு எதிராக நின்ற சிற்றின்பம் இன்று படுக்கையறையில் வந்து முடங்கிவிட்டது. எபிகூரஸோ உடலில் வலியும் உள்ளத்தில் கலக்கமும் இல்லாத நிலையையே இன்பம் என்றவர். ரொட்டியும் தண்ணீரும் போதும் என்றிருந்த மனிதர், நண்பரிடம் ஒரு சிறு பானைப் பாலாடைக்கட்டி கேட்டார், வேண்டும்போது விருந்துண்ணலாம் என்று. இவரா சிற்றின்பவாதி? உடலின்பத்தை முன்னிறுத்திய இன்னொரு கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டிப்பஸுக்குக்கூட அந்தச் சட்டை பொருந்தாது. ஒரு கொள்கைக்குப் பெயர் வைக்கும்போதே தீர்ப்பையும் எழுதிவிடுவது மொழிபெயர்ப்பாளர் வேலையல்ல.

‘வாசகருக்குச் சட்டென்று புரியும்’ என்பார்கள். புரிவது தவறாக அல்லவா புரிகிறது! ஆங்கில ‘லஸ்ட்’ ஒரு காலத்தில் வெறும் மகிழ்ச்சி, விருப்பம். ஜெர்மனில் இன்றும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அது பாவப் பட்டியலில் சேர்ந்தது. வள்ளுவர் ஒரு பாலையே ஒதுக்கிய காமத்தை நாமும் அப்படித்தான் வாய்விட்டுச் சொல்லக் கூசும் சொல்லாக்கினோம். அடுத்தது இன்பமா? ஏற்காட்டுக்கு வேன் விடுகிறவர்கள் ‘இன்பச் சுற்றுலா’ என்று கூசாமல் எழுதுகிறார்கள். அந்தப் பலகையில் ‘சிறு’வைச் சேர்த்துப் பாருங்கள், குடும்பத்தோடு யார் ஏறுவார்?

‘இன்பியல்’ ஏற்கெனவே மகிழ்ச்சியாக முடியும் நாடகத்துக்குப் போய்விட்டது. ‘இன்பவாதம்’ தவறில்லை; ஆனால் எனக்கென்னவோ முடக்குவாதத்தின் தம்பி போல ஒலிக்கிறது. ‘இன்பக் கொள்கை’ என்றால் போதும். அதை உடையவர் இன்பக் கொள்கையர்.