அன்னாசிக்கும் பனீருக்கும் ஏன் ஆகாது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டிசம்பர் வந்தால் வெயிலோடு புழுக்கமும் சேர்ந்து வரும். பள்ளிக்கூடங்கள் மூடியிருக்கும், ஜொஹானஸ்பர்க்கிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கியிருப்பார்கள், சாலையோரங்களில் லிச்சிப் பழத்தைக் கொத்துக் கொத்தாகக் கட்டி விற்பார்கள். அப்படி ஒரு டிசம்பரில் சாட்ஸ்வொர்த்திலுள்ள எங்கள் வீட்டுக்கு இருபது பேர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட நினைத்து, இங்குள்ள பங்களாதேஷ் என்ற பெயருடைய சந்தையில் வாங்கிய அன்னாசியை நறுக்கினேன். முந்தின நாள் வீட்டில் செய்த பனீரையும் துண்டு போட்டு அதோடு கலந்து ஃபிரிட்ஜில் வைத்தேன்.

மதியம் எடுத்துப் பார்த்தால் பனீரின் விளிம்பெல்லாம் குழைந்து கிடந்தது. அடியில் கலங்கலாக நீர் கோத்திருந்தது. ஒரு துண்டை வாயில் போட்டதும் கசந்தது. பால் கெட்டுப்போயிருக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆயா மட்டும், "பால் மேல குத்தமில்லப்பா, அன்னாசியோட பாலச் சேத்தா கசக்கத்தான் செய்யும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஏன் சரி என்று தெரிந்துகொள்ள, பால் எப்படிப் பனீராகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பாலிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசீன். ஆயிரக்கணக்கான கேசீன் மூலக்கூறுகள் கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாகப் பாலில் மிதக்கின்றன. ஒவ்வோர் உருண்டையின் மேலும் கப்பா கேசீன் என்ற ஒரு வகைக் கேசீன் மென்மயிர் போல நீட்டிக்கொண்டிருக்கும். அதில் எதிர் மின்னூட்டம் இருப்பதால் உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளிவிட்டபடியே இருக்கின்றன. பால் திரியாமல் பாலாகவே இருப்பது இதனால்தான்.

எலுமிச்சைச் சாறு இந்த மின்னூட்டத்தைக் குறைக்கிறது. சாதாரணப் பாலின் அமில-கார அளவு 6.7 வாக்கில் இருக்கும். அது 4.6-க்கு இறங்கும்போது மின்னூட்டம் முழுதும் சமனாகி, உருண்டைகள் ஒட்டிக்கொண்டு பால் திரிகிறது. பால் கொதிநிலையில் இருந்தால் அவ்வளவு தூரம் இறங்க வேண்டியதுகூட இல்லை. சூட்டில், பாலில் கேசீன் போக மீதியுள்ள மோர்ப்புரதங்களும் சுருள் அவிழ்ந்து கேசீனோடு பிணைந்துகொள்கின்றன. பனீரை நெருப்பில் வாட்டினாலும் அது உருகி ஓடாததற்கு அமிலத்தில் திரிந்ததும் இந்தப் பிணைப்பும்தான் காரணம்.

ஃபெட்டா, செடார் போன்ற சீஸ்கள் வேறு வழியில் உருவாகின்றன. அவற்றில் பாலை உறைய வைப்பது ரென்னெட் என்ற நொதி. நொதியை ஒரு கத்தரிக்கோலாக நினைத்துக்கொள்ளலாம். ரென்னெட் கப்பா கேசீனை ஒரே ஓர் இடத்தில், புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் 105-ஆவதுக்கும் 106-ஆவதுக்கும் நடுவில் வெட்டுகிறது. மேலே நீட்டியிருந்த மயிர் மட்டும் அறுந்துபோக, மொட்டையான உருண்டைகள் ஒட்டிக்கொள்கின்றன. (கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பதே பழைய ரென்னெட். இப்போது நுண்ணுயிர்களிலிருந்தும் செய்கிறார்கள். புரட்டாசி விரதம் பிடிப்பவர்கள் கடையில் சீஸ் வாங்கும்போது பாக்கெட்டைப் புரட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்.)

அன்னாசியிலும் இப்படி ஒரு கத்தரிக்கோல் உண்டு. அதன் பெயர் புரோமெலின். புரதத்தை வெட்டும் பல நொதிகளின் கலவை அது. ரென்னெட் ஓரிடத்தில் வெட்டிவிட்டு நின்றுவிடும், புரோமெலின் நிற்காது. கேசீன் இழையைப் பல இடங்களில் நறுக்கிக்கொண்டே போகும். இழைகள் பின்னிப் பிணைந்த வலைதான் பனீர். இழை அறுந்தால் வலை தளர்ந்து, தான் பிடித்து வைத்திருந்த நீரை விட்டுவிடுகிறது. நான் கண்ட குழைந்த விளிம்பும் கலங்கல் நீரும் இப்படி வந்தவையே.

கசப்பு எங்கிருந்து வந்தது? கேசீனுக்குள் லியூசின், ப்ரோலின், ஃபினைல்அலனின் போன்ற அமினோ அமிலங்கள் நிறைய உள்ளன. இவை நீரோடு ஒட்டாதவை. புரதம் முழுசாக இருக்கும்வரை அது நாக்கிலுள்ள சுவை ஏற்பிகளில் பொருந்த முடியாத அளவுக்குப் பெரிது. துண்டு துண்டானபின், இந்த அமினோ அமிலங்களைச் சுமந்த குறுந்துண்டுகள் கசப்பை உணரும் ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. ஆக, கெட்டுப்போகாத நல்ல பாலிலிருந்தே கசப்பு பிறந்துவிடுகிறது. ஃபிரிட்ஜின் குளிர் நொதியின் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. நான்கைந்து மணி நேரம் அதற்குத் தாராளம்.

பப்பாளி, கிவி, அத்தி மூன்றிலும் இதே வகை நொதிகள் உண்டு. மாம்பழம், திராட்சை, லிச்சி, தர்ப்பூசணி ஆகியவற்றால் சீஸுக்கு இந்த ஆபத்து இல்லை.

அன்னாசியை விட மனமில்லாதவர்களுக்கு இந்த நாட்டிலேயே வழி இருக்கிறது. இங்கே வெட்டவெளியில் இறைச்சி வாட்டும் பிராய் அடுப்பில் கரி கனன்றுகொண்டிருக்கும்போது, அன்னாசியை மெல்லிய வட்டங்களாக வெட்டி இரண்டு பக்கமும் வாட்டினால் போதும். 70, 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் புரோமெலின் தன் உருவத்தை இழந்து செயலற்றுப்போகும். உள்வரை சூடேற வேண்டும் என்பதால் தடிமனான துண்டு உதவாது. டப்பாவில் அடைத்த அன்னாசி ஏற்கெனவே சூடேற்றப்பட்டது, அதைப் பயமில்லாமல் சேர்க்கலாம். எனக்குக் கரியில் வாட்டியதுதான் பிடிக்கும். எங்கள் மாகாணத்தின் வடக்கிலுள்ள ஹ்லுஹ்லுவே பக்கத்தில் விளையும் குவீன் வகை அன்னாசியை வாட்டினால் சர்க்கரை பழுப்பேறி வரும் வாசனைக்கு டப்பாப் பழம் ஈடாகாது.

தர்ப்பூசணியும் ஃபெட்டாவும் சேர்ந்தால் சிக்கல் வேறு. தர்ப்பூசணியில் 92 சதவீதம் நீர். ஃபெட்டா உப்புநீரிலேயே ஊறிக் கிடந்த சீஸ். இரண்டும் தொட்டுக்கொண்டால், உப்பு அடர்த்தி அதிகமுள்ள பக்கத்தை நோக்கிப் பழத்தின் செல்களிலிருந்து நீர் வெளியேறுகிறது. ஊறுகாய்க்கு மாங்காயில் உப்பைப் பிசிறி வைத்தால் நீர் விடுகிறதே, அதே சவ்வூடு பரவல்தான். பழத்தை நறுக்கி வடிதட்டில் கால் மணி நேரம் வைத்து, கத்தி பட்டு உடைந்த செல்களின் சாற்றை முதலில் வடித்துவிடுங்கள். ஃபெட்டாவைத் துணியில் ஒற்றி எடுங்கள். பழத்தின் மேல் ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெயைப் புரட்டுங்கள். உப்பு எண்ணெயில் கரையாது, அதனால் பழத்தை அது எட்டத் தாமதமாகும். ஃபெட்டாவைப் பரிமாறும் நேரத்தில்தான் போட வேண்டும்.

உப்பு இப்படித் தண்ணீரை இழுத்தாலும் அதை ஒதுக்கிவிட முடியாது. ஆயா பழத்துண்டுகள் மேல் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித்தான் கொடுப்பார். உப்பு தூவிய பழம் எப்படி அதிகமாக இனிக்கும் என்று சின்ன வயதில் எனக்கு விளங்கியதே இல்லை. பால் பிரெஸ்லின், கேரி போஷாம்ப் என்ற இரண்டு சுவை ஆய்வாளர்கள் 1997-இல் இதற்கு விடை சொன்னார்கள். சோடியம் இனிப்பைக் கூட்டுவதில்லை, கசப்பை அமுக்குகிறது. கசப்பும் இனிப்பும் கலந்திருக்கும்போது ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். கசப்பு தணிந்ததும் அடியில் இருந்த இனிப்பு மேலே வருகிறது. ஃபெட்டாவின் உப்பு தர்ப்பூசணிக்குச் செய்வதும் இதையே.

தர்ப்பூசணியைக் குளிரவைப்பதிலும் ஒரு நன்மை உண்டு. அதிலுள்ள சர்க்கரைகளில் முதலிடம் ஃபிரக்டோஸுக்கு. இந்தச் சர்க்கரை நீரில் சில வடிவங்களுக்கிடையே மாறிக்கொண்டே இருக்கும். குளிர்ந்தால் அவற்றில் மிக இனிப்பான வடிவத்தின் பங்கு கூடுகிறது. அதே சமயம் அதிகக் குளிரில் நாக்கின் இனிப்பு உணர்வு மங்கிவிடும். ஐஸ் போல இல்லாமல், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்த பழம்தான் எனக்கு உகந்தது.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அன்னாசியின் புளிப்பு கிருமிகள் பெருகுவதை ஓரளவு தடுக்கும், தர்ப்பூசணியில் அந்தப் புளிப்பு இல்லை. தோலைக் கழுவாமல் வெட்டினால் தோலிலுள்ள கிருமியைக் கத்தியே சதைக்குள் கொண்டுபோகும். 2017, 2018-இல் இந்த நாட்டைத் தாக்கிய லிஸ்டீரியா நோயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது பரவியது பதப்படுத்திய இறைச்சி வழியாக. ஆனால் அதே கிருமி நறுக்கிய பழத்திலும் மென்மையான சீஸிலும் வளரும், ஃபிரிட்ஜிலும் வளரும். கர்ப்பிணிகளுக்குக் காய்ச்சாத பாலில் செய்த சீஸ் வேண்டவே வேண்டாம். கலந்த சாலடை இரண்டு மணி நேரத்துக்கு மேல், கடும் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல், வெளியே வைக்காதீர்கள்.

கடைசியாகப் புதினாவும் பச்சை மிளகாயும். மிளகாயின் காரம் வாயில் சூட்டை உணரும் நரம்பு ஏற்பியைத் தட்டுகிறது, பெப்பர்மின்ட்டின் மென்தால் குளிரை உணரும் ஏற்பியைத் தட்டுகிறது. இவற்றைக் கண்டறிந்ததில் பெரும்பங்கு கொண்ட டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நம் சமையல் புதினாவில் மென்தால் குறைவு, கார்வோன் என்ற வேறொரு வாசனைப் பொருள் அதிகம், அதனால் குளிர்ச்சி மெலிதாகத்தான் தெரியும். இலையைக் கையால் கிள்ளி, பரிமாறும்போது போட்டால் வாசனை போகாது. மிளகாய் கூடிவிட்டாலும் கவலை இல்லை. காரத்தைத் தரும் கேப்சைசினைக் கேசீன் பற்றிக்கொள்ளும், கூடவே இன்னும் இரண்டு துண்டு பனீரைப் போடுங்கள்.