சுள்ளி இல்லாமல் விறகு பற்றாது

2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரைக் காட்டுத்தீ பிடித்தது. 85 பேர் மாண்டார்கள். 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. பிறகு எடுத்த படங்களைப் பார்த்தால் மனம் பதறும். ஆனால் கூர்ந்து பாருங்கள்: வீடு இருந்த இடத்தில் சாம்பல், அதை ஒட்டியே பச்சை மாறாத பைன் மரங்கள். தீ அலையாக வந்து ஊரை விழுங்கியிருந்தால் மரம் எப்படித் தப்பியது?

அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் இந்தப் புதிரோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவர். கனடாவின் வடபகுதிக் காட்டில் வேண்டுமென்றே தீ மூட்டி நடந்த சோதனைகளில் மரச்சுவர்களை நட்டு வைத்துப் பார்த்தார். 10 மீட்டர் தொலைவில் நின்றவற்றில் சில பற்றின; 20 மீட்டரில் ஒன்றுகூடப் பற்றவில்லை. மர உச்சிகளில் தாவும் தீ எவ்வளவு உக்கிரமானாலும், ஓரிடத்தில் ஏறத்தாழ ஒரு நிமிடந்தான் கொழுந்துவிடும். சற்றுத் தள்ளி நிற்கும் கட்டை பற்ற அது போதாது. விறகடுப்பு மூட்டியவர்களுக்கு இது புதிதல்ல: சுள்ளி இல்லாமல் விறகு பற்றாது.

அந்தச் சுள்ளியைத் தேடித்தான் கங்குகள் வருகின்றன. காற்றில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் பறந்து வந்து, கூரை விளிம்பில் சேர்ந்த சருகில், வாசல் மிதியடியில், மரத்தளத்தின் அடியில் விழுகின்றன. கூரைக்கடியில் காற்றோட்டத்துக்கு விட்ட துளை வழியே நுழைந்தால் இன்னும் மோசம். வீடு உள்ளிருந்து எரியத் தொடங்கும். 3 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள உலோக வலையை அங்கே அடித்தால் பெரும்பாலான கங்குகள் தடைபடும். இத்தனை மலிவான காப்பு வேறில்லை என்பேன்.

கலிபோர்னியாவின் தீ அபாயப் பகுதிகளில் வீட்டைச் சுற்றி 100 அடி வரை காய்ந்த புல்பூண்டை அகற்றச் சட்டமே உண்டு. மரங்களையெல்லாம் வெட்ட வேண்டாம். தரைத்தீ மேலேறாதபடி தாழ்ந்த கிளைகளைக் கழித்தால் போதும். ஆனால் உயிர்நாடி, சுவரை ஒட்டிய முதல் 5 அடி. அங்கே சன்னலடிச் செடியும் வேண்டாம், மரத்தூள் மூடாக்கும் வேண்டாம். சரளைக் கல்லோ சிமெண்ட் தரையோ இருக்கட்டும். ஆசையாக வளர்த்த செடியைப் பிடுங்க மனம் வராதுதான். ஆனால் கங்கு விழுந்து அது எரிந்தால், மேலே சன்னல் கண்ணாடி வெடித்து வழிவிடும்.

ஒரு வீடு பற்றினால் மரத்தைப் போல நிமிடத்தில் அடங்காது, மணிக்கணக்கில் எரிந்து பக்கத்து வீட்டையும் கொளுத்தும். பாரடைஸில் நெருங்கி நின்ற வீடுகள் பல இப்படித்தான் போயின. சுவரைத் தொடும் மரவேலி அதற்குத் திரியாகும். வேலியின் கடைசி 5 அடியை மட்டுமாவது உலோகத்தால் மாற்றிவிட்டால், வேலி வழியே வரும் தீ சுவரைத் தொடாமல் அங்கேயே நின்றுவிடும்.