காற்சட்டையில் படுவது வயிற்றோட்டமல்ல

ஆறு வயதுப் பிள்ளை. ஒரு நாளில் நாலைந்து தடவை காற்சட்டையில் களிபோல மலம் பட்டுவிடும். கேட்டால் "எனக்குத் தெரியேல்லை" என்று சொல்லும். சில வீடுகளில் வயிற்றோட்டம் என்று ஜீவனி கரைத்துக் கொடுப்பார்கள். சில வீடுகளில் சோம்பல் என்று அடி விழும். இப்படி வரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு இருப்பது நாட்பட்ட மலச்சிக்கல். பிள்ளை பொய் சொல்லவுமில்லை.

வளர்ந்த ஒருவரின் பெருங்குடலுக்குள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.5 லீற்றர் திரவம் வருகிறது. அதில் 100 – 200 மில்லிலீற்றர் மட்டுமே மலத்தோடு வெளியே போகும். மற்றதைக் குடல் உறிஞ்சிவிடும். மலம் மலக்குடலுக்குள் இறங்கி அதன் சுவரை விரிக்கும்போதுதான் "வருகுது" என்ற உணர்வு எழுகிறது. ஆசனவாயின் உள்வளையத் தசை தானாகத் தளரும். வெளிவளையத் தசை நம் சொற்படி நடப்பது; அதை இறுக்கிப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் உணர்வு அடங்கிவிடும்.

ஒருநாள் இறுகிய மலம் ஆசனவாயைக் கிழித்து நோகச் செய்தால், அடுத்த தடவை பிள்ளை அடக்கும். கதவுக்குப் பின்னால் போய்க் காலைப் பின்னிக்கொண்டு விறைத்து நிற்கும். முக்குகிறது என்று அம்மா நினைப்பார். உண்மையில் அது வெளியே விடாமல் பிடிக்கும் வேலை. உள்ளே தங்கும் மலத்திலிருந்து நீர் தொடர்ந்து உறிஞ்சப்பட, அது இன்னும் இறுகும். மாதக்கணக்கில் இப்படியே போனால் மலக்குடல் இலாஸ்டிக் தளர்ந்த காற்சட்டை போலாகிவிடும். வழமையான அளவு மலம் வந்தாலும் உணர்வு வராது. மேலிருந்து வரும் இளகிய மலம் இறுகிய கட்டியைச் சுற்றி வழிந்து இறங்கும். காற்சட்டையில் படுவது அதுதான்.

வன்னியில் இதற்கு நேரமும் துணைபோகிறது. பாடசாலை 7.30க்குத் தொடங்கும். துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் தூரத்திலிருந்து பஸ் பிடிக்கும் பிள்ளைக்குச் சாப்பிட்டபின் ஆறுதலாக இருக்க நேரமில்லை. பாடசாலை மலசலகூடத்தில் தண்ணீரோ கதவுக்குப் பூட்டோ இல்லையென்றால் 1.30 வரை அடக்கியே ஆகவேண்டும்.

சிகிச்சையின் முதற்படி உள்ளிருக்கும் கட்டியை வெளியேற்றுவது. பலர் இதைத் தாண்டி நேரே கீரைக்கும் பழத்துக்கும் போய்விடுகிறார்கள். அடைத்த குடலுக்குள் நார்ச்சத்தைத் தள்ளினால் பருமன் கூடி வயிற்றுக்குத்துத்தான் மிஞ்சும். வைத்தியர்கள் முதலில் தேர்வது பொலிஎத்திலீன் கிளைக்கோல் தூள். அது உடம்பில் சேராமல் தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்து மலத்தை இளக்கும். கட்டியை வெளியேற்ற நாளுக்குக் கிலோவுக்கு 1 – 1.5 கிராம், 3 முதல் 6 நாள்; 20 கிலோப் பிள்ளைக்கு 20 – 30 கிராம். அளவை உங்கள் பிள்ளையைப் பார்த்த வைத்தியரே முடிவுசெய்ய வேண்டும். இந்த நாள்களில் காற்சட்டையில் படுவது குறையாமல் கூடும். மருந்து ஒத்துவரவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். விடுமுறையில் தொடங்குவது நல்லது. தூள் கிடைக்காவிட்டால் லக்டியுலோஸ் பாணி மருந்து. குடலிலுள்ள பற்றீரியாக்கள் அதை நொதிக்கவைப்பதால் முதல் நாள்களில் வயிறு ஊதலாம்.

அதன்பின் பராமரிப்பு அளவு: தூள் என்றால் நாளுக்குக் கிலோவுக்கு 0.2 – 0.8 கிராம், குறைந்தது இரண்டு மாதம். எல்லாக் குறிகளும் அடங்கி ஒரு மாதம் கழிந்த பிறகே மெல்ல மெல்லக் குறைக்கலாம். விரிந்த குடல் சுருங்க அவ்வளவு காலம் வேண்டும். "மருந்துக்குக் குடல் பழகிவிடும்" என்று ஒரு கிழமையில் நிறுத்துவதால்தான் பெரும்பாலும் நோய் திரும்புகிறது. இந்த இரண்டு மருந்துக்கும் அந்தப் பயம் தேவையில்லை.

மூன்றாவது, மலசலகூடத்தில் இருத்திப் பழக்குதல். சாப்பாடு இரைப்பைக்குள் போனதும் பெருங்குடல் அசையும். காலையில் அது பலமாக இருக்கும். காலைச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் பிறகு 5 – 10 நிமிடம் இருத்துங்கள். கொமட் என்றால், முழங்கால் இடுப்பைவிட உயரும்படி காலுக்குக் கீழே ஒரு பலகை. குந்தும் கக்கூசில் இருக்கும் விதம் சரிதான், ஆனால் குழிக்குள் விழுந்துவிடுவேன் என்று பயப்படும் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். பலூன் ஊதச் சொன்னால் வயிற்றுத் தசை தானாக அழுத்தும். போனதற்கல்ல, இருந்ததற்குப் பாராட்டுங்கள்.

சாப்பாடு இதற்குப் பிறகு. நார்ச்சத்துக்குப் பிள்ளையின் வயதோடு 5ஐக் கூட்டி, நாளுக்கு அத்தனை கிராம். குரக்கன் புட்டு, ஒடியற்கூழ், பயறு, முருங்கையிலை, பப்பாப்பழம் போதும். பாணும் பிஸ்கட்டும் குறைய வேண்டும். பால்மாவை நாலைந்து தரம் கரைத்துக் கொடுத்தால் மற்றச் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடமிராது. 4 – 8 வயதுக்கு நாளுக்குச் சுமார் 1.2 லீற்றர் குடிக்கக் கொடுங்கள், சித்திரை வெயிலில் அதற்கும் மேலே.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு கிழமை போகாவிட்டாலும், மலம் இளகியிருந்து நிறையும் ஏறினால் அது மலச்சிக்கல் அல்ல. ஆசனவாய்க்குள் வெற்றிலைக் காம்பும் சவர்க்காரத் துண்டும் வைக்க வேண்டாம். பிறந்து 48 மணித்தியாலத்துக்குள் முதல் மலம் போகாதது, வயிறு பெருத்துப் பச்சையாக வாந்தி எடுப்பது, நிறை ஏறாதது, கால் பலவீனம் ஆகியவை வேறு கதை. குடற்சுவரில் நரம்புக் கலங்களே இல்லாத பிறவிக்குறை இப்படி வெளிப்படலாம். அதற்குச் சத்திரசிகிச்சை தேவை.

பெரியவர்களுக்கு மலச்சிக்கல் என்றால் முதலில் மருந்துப் பையைப் பாருங்கள். இரும்புக் குளிசை, கொடீன் கலந்த நோமாத்திரை, சில பிரஷர் குளிசைகள் மலத்தை இறுக்கும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயாளர் பலர் இருக்கிறார்கள். மக்னீசியம் கலந்த பேதிமருந்து அவர்களுக்கு ஆபத்து, ஏனெனில் பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. மலத்தில் இரத்தம், நிறை குறைதல், 50 வயதுக்கு மேல் புதிதாக வந்த மாற்றம் என்றால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் காட்டுங்கள்.

போரில் முள்ளந்தண்டு காயப்பட்டவர்களுக்கு மலக்குடல் நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் நரம்புப் பாதையே அறுந்திருக்கலாம். அவர்களுக்குத் தினமும் ஒரே நேரத்தில், சாப்பிட்டு அரைமணிக்குள், வைத்தியர் பழக்கியபடி குடலைக் காலியாக்குவதே வழி. நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ காயமென்றால், திடீரென்று தலையிடித்து முகம் சிவந்து வியர்ப்பது நிரம்பிய குடலோ சிறுநீர்ப்பையோ பிரஷரை ஏற்றுவதன் அறிகுறி. உடனே நிமிர்த்தி இருத்தி, இறுகிய உடுப்பைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்த்து, 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.