அப்ரூவர் ஆனால் மறுநாளே வீட்டுக்கா?

"சார், பயலை அப்ரூவரா மாத்திவிட்டா நாளைக்கே வெளிய வந்துடுவான்ல?" கும்பகோணம் கோர்ட்டு வாசலில் பெற்றவர்கள் அடிக்கடி கேட்பது இது.

குற்றத்தில் பங்கிருந்தும், உண்மை முழுவதையும் சொல்கிறேன் என்று கோர்ட்டின் மன்னிப்பைப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியாக மாறுபவர்தான் அப்ரூவர். ஆனால் நடப்பு நேர்மாறு. மன்னிப்பை ஏற்றுக்கொண்டவர் ஏற்கெனவே ஜாமீனில் இல்லையென்றால், கோர்ட்டு விசாரணை முடியும்வரை அவரைக் காவலில்தான் வைக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 306-வது பிரிவு சொன்னது இது. 2024 ஜூலை 1 முதல், அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 343-வது பிரிவு. பேர் சொல்லப்பட்ட கூட்டாளிகள் ஜாமீனில் வந்து சம்பா அறுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், உண்மை சொல்ல வந்தவன் உள்ளே இருப்பான். யாரும் அவனை மிரட்டியோ விலை பேசியோ கலைத்துவிடக் கூடாது என்பது காரணம். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தால் உயர் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். தஞ்சாவூர்க்காரர்களுக்கு மதுரைக் கிளை. திருவாரூர், நாகப்பட்டினத்துக்காரர்களுக்குச் சென்னை. அந்த அலைச்சல் தனிக்கதை.

இன்னொரு தப்பு எண்ணம், "அவன் சொன்னாப் போதும், மத்தவன் எல்லாம் மாட்டிக்குவான்" என்பது. இங்கே அதிகம் பேசப்படும் சிலைத் திருட்டையே கற்பனை உதாரணமாக வைத்துக்கொள்வோம். குட்டியானை ஓட்டிய டிரைவர் அப்ரூவர். கோயில் பூட்டை உடைத்தது இன்னார், சிலையைத் தூக்கியது இன்னார் என்கிறார். உடைந்த பூட்டு கிடைத்திருக்கிறது. அது திருட்டு நடந்ததைக் காட்டும். உடைத்தது அந்த ஆள்தான் என்று காட்டாது. அவர் அடையாளம் காட்டி அவர் வீட்டு வைக்கோல்போரிலிருந்து சிலை எடுக்கப்பட்டிருந்தாலோ, பூட்டில் அவர் கைரேகை இருந்தாலோ நிலைமை வேறு. இப்படி ஒவ்வொரு எதிரிக்கும், அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கும், தனித்தனியாகத் துணைச் சான்று வேண்டும். ஒரு கூட்டாளியின் சாட்சிக்கு இன்னொரு கூட்டாளியின் சாட்சியே துணை நிற்பதைப் பொதுவாகக் கோர்ட்டு ஏற்பதில்லை. முதலில் அப்ரூவர் நம்பத்தக்கவரா, பிறகு துணைச் சான்று இருக்கிறதா என்று இரண்டு கட்டமாகப் பார்க்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1957-லேயே சர்வன் சிங் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. துணைச் சான்று இல்லை என்பதற்காக மட்டும் தண்டனை சட்டவிரோதமாகிவிடாது என்றது பழைய சாட்சியச் சட்டம். புதிய சாட்சியச் சட்டத்தின் 138-வது பிரிவோ துணைச் சான்றோடு கூடிய சாட்சியத்தைப் பற்றித்தான் பேசுகிறது. எதிரித் தரப்பு வக்கீல்கள் இதை விடமாட்டார்கள், நானும்தான்.

தன் பங்கை மறைத்து அடுத்தவன் மேல் மட்டும் பழிபோடுவதும் எடுபடாது. தெரிந்தது முழுவதையும், தன் குற்றம் உட்பட, சொல்ல வேண்டும் என்பதுதான் மன்னிப்பின் நிபந்தனை. வேண்டுமென்றே மறைத்தார், பொய் சொன்னார் என்று அரசு வக்கீல் சான்றளித்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 345-வது பிரிவின்படி அவரைத் தனியாக அந்தக் குற்றத்துக்கே விசாரிக்கலாம். மாஜிஸ்திரேட் முன் கொடுத்த வாக்குமூலமே அவருக்கு எதிராகப் படிக்கப்படும். பணம் வாங்கிக்கொண்டோ உறவுக்காரர்கள் சொல்லியோ சாட்சிக்கூண்டில் பல்டி அடிப்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

அதனால் அப்ரூவர் பேச்சு எழுந்ததும் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது, ஜாமீன் மனு போட்டாயிற்றா என்பதை. மன்னிப்புக்கு முன்பே ஜாமீன் கிடைத்திருந்தால், அந்தக் காவல் விதி அவரைக் கட்டாது.