12 வோல்ட்டுதானே அண்ணே?

கடைக்கு வர்றவங்க கேக்குறதுல எனக்கு பிரஷர் ஏத்துற கேள்வி ஒண்ணுதான். "12 வோல்ட்டுதானே அண்ணே, எத மாட்டினா என்ன?" கார் பேட்டரியும் 12, யூபிஎஸ் உள்ள இருக்குற சின்ன பேட்டரியும் 12, ஆன்லைன்ல வர்ற நீலக்கலர் லித்தியம் பேக்கும் 12, அப்புறம் என்னங்குறாங்க. வாயால சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு, போன வாரம் கடலூர் முதுநகர்ல இருந்து ஒரு பேக் வந்துச்சு, அத பாத்தப்புறம் எழுதியே ஆகணும்னு ஆயிடுச்சு.

கடலுக்குப் போற வீட்டுப் பையன். அப்பா ஃபைபர் போட்ல போறாரு, ராத்திரி லைட்டுக்கும் ரெண்டு போனுக்கும் சார்ஜ் வேணும்னு 50 வாட் சோலார் பேனல், சின்னதா ஒரு பிடபிள்யூஎம் கண்ட்ரோலர் (பேனல் கரண்ட அளவா பேட்டரிக்கு விடுற பெட்டி), ஆன்லைன்ல ஒரு லித்தியம் பேக், எல்லாம் அவனே வாங்கி மாட்டிருக்கான். யோசனை நல்ல யோசனைதான், அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா பேக் என் டேபிளுக்கு வந்தப்ப மேல் கவர் உருகி சுருண்டிருக்கு, ஓரத்து செல்லோட பாசிட்டிவ் தலை கறுத்துப்போய் கசிஞ்சிருக்கு, பிரிச்சதும் நெயில்பாலிஷ் ரிமூவர் வாடை. பிஎம்எஸ் போர்டோட (செல்லு அளவுக்கு மேல சார்ஜ் ஏறாம கட் பண்ற காவக்காரன்) ஒயர வெட்டிட்டு நேரா செல்லுல சால்டர் வச்சிருக்கான். ஏன்டா தம்பின்னா, "மத்தியானம் ஆனா கட் ஆயிட்டே இருந்துச்சுண்ணே, அதான் பைபாஸ் பண்ணிட்டேன்"ங்குறான். டேய், அது கட் ஆனதே போட் எரியக்கூடாதுன்னுதான்டா. நல்லவேளை புகைஞ்சது கரையில நிக்கும்போது.

இப்ப அந்த 12 வோல்ட் கதைக்கு வரேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், படிங்க. 12ங்குறது சும்மா கூப்புடுற பேரு. லெட் ஆசிட் பேட்டரி (கார்ல, யூபிஎஸ்ல வழக்கமா இருக்குற வகை) ஃபுல் சார்ஜ்ல சும்மா வச்சிருந்தா 12.7 காட்டும், பாதி காலின்னா 12.2 பக்கம், ஆனா அத சார்ஜ் பண்ண 14.4 வோல்ட் வரைக்கும் குடுக்கணும். லித்தியம்ல ரெண்டு ஜாதி இருக்கு. லேப்டாப், பவர் பேங்க்ல வர்ற வகை, ஒரு செல்லு 3.7ன்னு சொல்லுவாங்க, ஃபுல்லுன்னா 4.2, அதுக்கு மேல ஒரு பொட்டு கூட ஏறக்கூடாது. மூணு செல்ல சீரிஸ்ல (ஒண்ணுக்கு பின்னால ஒண்ணா, வோல்ட் கூடுற மாதிரி) கட்டி "12 வோல்ட்"னு விக்கிறாங்க, அதோட உச்சம் 12.6. இன்னொண்ணு லித்தியம் அயர்ன் பாஸ்பேட், செல்லுக்கு 3.2, ஃபுல்லுக்கு 3.65, நாலு செல்லு சீரிஸ், அதுவும் "12 வோல்ட்"தான், ஆனா உச்சம் 14.6. இப்ப சந்தையில கிடைக்கிற சீப் கண்ட்ரோலர் நெறைய லெட் ஆசிட்டுக்குன்னு செஞ்சது, 14.2ல இருந்து 14.6 வரைக்கும் ஏத்தும். அத மூணு செல் பேக்குல மாட்டினா என்ன ஆகும்? 14.4 வகுத்தல் மூணு, செல்லுக்கு 4.8. முடிஞ்சது கதை. பிஎம்எஸ் இருந்தா அது கட் பண்ணும், தினமும் மத்தியானம் வெயில் ஏறுனா கட் பண்ணும், நம்மாளு அத ரிப்பேர்னு நெனச்சு புடுங்கி எறிவான்.

இன்னொண்ணு சொல்லணும், பேனல் ஓடிக்கிட்டு இருக்கும்போது பிஎம்எஸ் பட்டுனு கட் ஆச்சுன்னா கண்ட்ரோலருக்கு பேட்டரியே இல்லாத மாதிரி. சாதாரண "12 வோல்ட்" பேனலே எதுவும் மாட்டாம ஓப்பன்ல 21, 22 வோல்ட் காட்டும் (அங்கயும் அதே 12, பாத்துக்கங்க), மட்டமான கண்ட்ரோலர்னா அது அப்படியே லோடு பக்கம் பாஞ்சு லைட்டு போயிடும். லைட்டு கம்பெனிய திட்டிக்கிட்டு வருவாங்க.

அதனால வாங்கும்போது கேளுங்க: எந்த கெமிஸ்ட்ரி (லெட் ஆசிட்டா, எந்த வகை லித்தியம்), எத்தனை செல் சீரிஸ், ஃபுல் சார்ஜ் வோல்ட் எவ்ளோ. கடைக்காரர் முழிச்சா அடுத்த கடைக்குப் போங்க. நம்ம ஊர் வெக்கைக்கும், தூக்கிட்டுப் போற செட்டப்புக்கும் நான் சொல்றது லித்தியம் அயர்ன் பாஸ்பேட்தான். சூட்ட தாங்கும், சட்டுனு தீ புடிக்காது, ஆயிரக்கணக்குல சைக்கிள் (ஏத்தி எறக்குறது) வரும். அதுக்குன்னு செட்டிங் இருக்குற கண்ட்ரோலர் வாங்கிக்கங்க, ஈக்வலைஸ் மோடு (லெட் ஆசிட்டுக்காக வோல்ட்ட கூட்டி ஏத்துறது) இருந்தா ஆஃப் பண்ணுங்க.

பழைய கார் பேட்டரி சும்மா கெடக்கு, அதுலயே ஓட்டிடலாமான்னு கேக்குறவங்களுக்கு: வேணாம். அது வண்டி ஸ்டார்ட் பண்ற அந்த ஒரு நொடிக்கு செஞ்சது, பிளேட்டு மெல்லிசு. தினமும் ராத்திரி பூரா காலி பண்ணீங்கன்னா சில மாசத்துல சல்பேட் புடிச்சு செத்துடும்.

கணக்கு ரொம்ப சிம்பிள், ஆம்பியர விடுங்க, வாட் ஹவர்ல போடுங்க, அதாவது வாட்ட ஓடுற மணி நேரத்தால பெருக்குங்க. ஒரு போன் ஒரு தடவ ஃபுல் ஆக, நடுவுல வேஸ்ட் ஆகுறதோட சேத்து 25 வாட் ஹவர் வச்சுக்கங்க. ரெண்டு போன் 50. அஞ்சு வாட் எல்இடி ஆறு மணி நேரம் 30. ஆக 80. பாஸ்பேட்ல 12.8 வோல்ட் 12 ஆம்பியர் ஹவர்னா, ரெண்டையும் பெருக்கினா 150 வாட் ஹவருக்கு மேல வருது, ஒரு ராத்திரி போக மிச்சமும் இருக்கும், ஒரு கையில தூக்கலாம். அதையே லெட் ஆசிட்ல போனா பாதிக்கு கீழ எறக்கக்கூடாதுன்றதால 18 ஆம்பியர் ஹவர் வேணும், அஞ்சு கிலோவுக்கு மேல கனம். சில்வர் பீச்சுல சுண்டல் வண்டி போடுறவருக்கு அதுவே போதும், வண்டி தூக்கிட்டுப் போகும், காசும் கம்மி. எல்லாருக்கும் லித்தியம்தான்னு நான் சொல்லல.

9900 எம்ஏஹெச்னு அச்சடிச்ச 18650 செல்லு (லேப்டாப் பேக்குல வர்ற உருளை செல்லு) பாத்தா வாங்காதீங்க, அந்த சைஸ்ல நல்ல செல்லே பெரும்பாலும் 3600 தாண்டாது. கையில வச்சுப் பாருங்க, ஒரிஜினல் 45 கிராம் பக்கம் இருக்கும், டூப்ளிகேட் காத்து மாதிரி இருக்கும். ஸ்கிராப் லேப்டாப் செல்ல பொறுக்கி பேக் கட்டுறவங்க தயவுசெஞ்சு அத படுக்குற ரூம்ல சார்ஜ் போடாதீங்க.

மாட்டும்போது பேட்டரிய முதல்ல கண்ட்ரோலர்ல மாட்டு, அப்புறம் பேனல், கழட்டும்போது நேர் மாறா. பாசிட்டிவ் முனையில இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள ஃபியூஸ் கண்டிப்பா வேணும், "அப்புறம் போட்டுக்கலாம்"னு சொல்றவங்களுக்கு நான் மாட்டியே தர்றதில்ல. பேனலுக்கு அடியில நிழல் இருக்கேன்னு பேட்டரிய வைக்காதீங்க, அங்கதான் சூடு ஜாஸ்தி. உப்புக்காத்துல டெர்மினல் பச்ச பூக்கும், தொடச்சு வாசலின் தடவுங்க, மாசம் ஒரு தடவ.

புயல் நேரத்துக்கு ஒண்ணே ஒண்ணு கேட்டுக்குறேன். 2011ல தானே புயல் வந்தப்ப நம்ம மாவட்டத்துல எத்தன ஊரு நாள்கணக்கா இருட்டுல கெடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், 2024 நவம்பர்ல ஃபெஞ்சல் பாண்டிய முக்குனப்பவும் வீட்டுக்குள்ள தண்ணி. அப்ப தண்ணில மூழ்குன லித்தியம் பேக்க காய வச்சு திரும்ப சார்ஜ் போடாதீங்க. வெளிய நல்லா இருக்குற மாதிரிதான் தெரியும், உப்புத்தண்ணி உள்ள போனது ரெண்டு நாள் கழிச்சுக்கூட புகையும். பிரிக்காம, வீட்ட விட்டு தள்ளி சிமெண்ட் தரையில வச்சுட்டு எங்களுக்கு போன் பண்ணுங்க, நானே வந்து எடுத்துக்குறேன், காசு வேணாம்.