ஆன்டிஜென்: 'பிற' இல்லாத சொல்

உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டும் பொருளான ஆன்டிஜென் என்றதும் கிருமிதான் நினைவுக்கு வரும். கலைச்சொல் பட்டியல்களில் காணும் 'பிறபொருளெதிரியாக்கி' அந்த நினைப்பை இன்னும் இறுக்கிவிடுகிறது. சரி, உடலின் சொந்தப் புரதமே ஆன்டிஜென் ஆனால்? 'தன்பிறபொருளெதிரியாக்கி' என்பதா? நாக்கோடு பொருளும் சுளுக்கிக்கொள்ளும்.

மூலச் சொல்லில் 'பிற' கிடையாது. 1899-இல் இதை உருவாக்கியவர் ஹங்கேரிய மருத்துவர் லாஸ்லோ டெட்ரே. கிரேக்கத்தில் 'ஆன்டி' எதிர்; 'ஜென்' பிறப்பிப்பது. எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியைப் பிறப்பிப்பது, அவ்வளவுதான். மரபணுவைக் குறிக்கும் 'ஜீன்' 1909-இல்தான் வந்தது. இரண்டையும் குழப்ப வேண்டாம். அந்த வகையில் 'எதிர்ப்பொருள் தூண்டி' நேர்மையான தமிழ்.

அடுத்த சிக்கல் 'ஆன்டிஜென் பிரசன்டேஷன்', அதாவது செல்கள் ஆன்டிஜெனை நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்டுவது. 'வழங்கல்' என்று எழுதுகிறார்கள். அங்கே எதுவும் வழங்கப்படுவதில்லை. நெல் மண்டியில் மூட்டைக்குள் குத்தூசியை விட்டு, வந்து விழும் நெல்லை உள்ளங்கையில் ஏந்திக் காட்டுவார்களே, அதுதான் நடக்கிறது. செல்லுக்குள் ஆயுள் முடிந்த புரதங்களையும் பிழையாக மடிந்தவற்றையும் புரோட்டியசோம் என்னும் வெட்டுக்கருவி நறுக்குகிறது. அவற்றில் பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலம் நீளமுள்ள துண்டுகள் எச்.எல்.ஏ. என்னும் ஏந்தி மூலக்கூறின் பள்ளத்தில் அமர்ந்து செல்லின் மேற்பரப்புக்கு வருகின்றன. நோயெதிர்ப்புக் காவலரான டி செல் வந்து தடவிப் பார்க்கும். டென்ட்ரிடிக் செல், பி செல் போன்ற நோயெதிர்ப்புச் செல்களிடம் இன்னும் நீளமான துண்டுகளை ஏந்தும் இரண்டாம் வகை எச்.எல்.ஏ. மூலக்கூறும் உண்டு. நோயில்லாத நாளிலும் இந்த வேலை ஓயாது. அப்போது கையில் இருப்பதெல்லாம் சொந்தச் சரக்கே. அதனால் 'ஏந்திக் காட்டல்' என்றே நான் எழுதுகிறேன்.

வேடிக்கை என்னவென்றால், எச்.எல்.ஏ. என்பதன் விரிவிலேயே ஆன்டிஜென் இருக்கிறது: மனித வெள்ளணு ஆன்டிஜென். பிறர் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் உடலில் உருவான எதிர்ப்பொருள்களை வைத்து, 1958-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் டோசே இவற்றில் முதலாவதை அடையாளம் கண்டார். என் உடலில் அது துண்டை ஏந்தும் கை. இன்னொருவர் உடலுக்குப் போனால் ஆன்டிஜென். மாமன், மச்சான் போல இதுவும் முறைப்பெயர்தான். யாருக்கு என்று கேட்டால்தான் பொருள் தெரியும்.

அப்புறம், டி செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பியில் கணையத்துக்கே உரிய இன்சுலின் புரதமும் கொஞ்சம் தயாராகிறது, காட்டுவதற்காகவே. அதை இறுகப் பிடிக்கும் டி செல்களில் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. தப்பி வெளியேறும் சில, முதல் வகை நீரிழிவில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்குகின்றன. அவற்றுக்கு ஆன்டிஜென் இன்சுலினேதான். அதில் 'பிற' எங்கே இருக்கிறது?