உப்புக்காற்றும் ஹீட்டர் பிளக்கும்

ராமநாதபுரம் கடற்கரையில் காருக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு போகிற ஆளைத் தேடினாலும் கிடைக்காது. மண்டபத்திலும் பாம்பனிலும் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். குளிர்நாடுகளில் நிலைமை வேறு. டீசல் எஞ்சின் வெப்பத்தை வீணாக்குவது குறைவு. அதனால் காரின் உட்புறத்தைச் சூடாக்க மிஞ்சுவதும் குறைவு. அந்தக் குறையைத் தீர்க்க, டேங்கில் உள்ள டீசலையே ஒரு சிறிய அறையில் எரித்துச் சூடு தரும் துணை ஹீட்டரைப் பொருத்துகிறார்கள். அது பற்றாமல் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை, உள்ளே பழுக்கும் சின்னக் கம்பியும் அதற்கு வந்து சேரும் வோல்டேஜும்.

அந்தத் துணை ஹீட்டர் நமக்குத் தேவையில்லை. ஆனால் அதே மாதிரிக் கம்பி நம் டீசல் கார்களின் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது, பெரும்பாலும் சிலிண்டருக்கு ஒன்று. ஒர்க்‌ஷாப்பில் அதன் பெயர் ஹீட்டர் பிளக்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அழுத்தினால் அது 500 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1893-இல் காப்புரிமை பெற்றதும், 1897-இல் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக் காட்டியதும் இந்த முறையில்தான். ஆனால் ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினில், அழுத்தத்தில் பிறக்கும் சூட்டின் ஒரு பகுதியைச் சிலிண்டர் சுவரே குடித்துவிடுகிறது. எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் மெதுவாகச் சுற்றினால் இழப்பு இன்னும் கூடும். அந்தச் சில விநாடிக்குத்தான் ஹீட்டர் பிளக். எஃகு உறைக்குள் மக்னீசியம் ஆக்சைடு தூள், அதன் நடுவே சுருள் கம்பி; சாவியைத் திருப்பினால் நுனி 800 டிகிரிக்கு மேல் பழுக்கும்.

நம் பக்கத்துச் சிக்கல் என்னவென்றால், பிளக் செத்தாலும் வண்டி கிளம்பிவிடும். காற்று ஏற்கெனவே 28 டிகிரியில் இருக்கும்போது நான்கில் இரண்டு போனாலும் எஞ்சின் எப்படியோ சமாளிக்கும். முதல் சில விநாடி நடுங்கும், டீசல் வாடையோடு வெண்புகை தள்ளும், அப்புறம் தெளிந்துவிடும். டாஷ்போர்டில் சுருள் விளக்கு அணைவதை நம்பவும் முடியாது. பல கார்களில் அது எஞ்சின் வெப்பநிலையையும் நேரக் கணக்கையும் வைத்து அணைகிறதே தவிர, பிளக் உண்மையில் சூடானதா என்று பார்த்து அல்ல. "அண்ணே, நாலு பிளக்கும் போச்சு, மாத்திருவோம்" என்ற பேச்சு வருவதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும்.

அந்தப் பேச்சை உடனே ஏற்காதீர்கள். இந்தக் கடற்கரையில் பிளக்கைவிட அதற்குப் போகும் வழியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தனுஷ்கோடி சாலையில் ஓடும் வண்டியின் பேனட்டுக்குள் கடல் தூவல் உப்பாகப் படிகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீர் கோத்துக்கொள்ளும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஆக, மழையே இல்லாவிட்டாலும் ஒயர் முனைகள் ராத்திரியெல்லாம் உப்புநீரில் ஊறுகின்றன. செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். இரும்புத் திருகும் சிலிண்டர்களை மேலே மூடும் அலுமினிய ஹெட்டும் தொடும் இடத்தில் அரிப்பு இன்னும் வேகமாகும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியதும் இதே உப்புதான்.

கொஞ்சம் களிம்பு என்ன செய்துவிடும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சூடான பிளக் ஒன்றின் மின்தடை 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் ஒவ்வொன்றுக்கும் 144 வாட் கிடைக்கும். நான்கும் இணையாக இருப்பதால் மொத்தத் தடை கால் ஓம்தான். இப்போது பொது ஒயரின் முனையில் களிம்பால் வெறும் 0.1 ஓம் கூடுகிறது. பிளக்குகளுக்கு எட்டரை வோல்ட்தான் போய்ச் சேரும். ஒவ்வொன்றின் சூடும் ஏறக்குறைய பாதியாகி 73 வாட்டில் நிற்கும். அந்தக் களிம்பிலேயே 118 வாட் எரியும்! முனை கருகி, பிளாஸ்டிக் உருகிக் கிடப்பது இதனால்தான். இந்த நிலையில் புதுப் பிளக் நான்கு போட்டாலும் புகை குறையாது.

0.1 ஓமை மலிவான மல்டிமீட்டரால் நேரடியாக அளக்க முடியாது. அதன் ஒயருக்கே அதைவிடக் கூடுதல் தடை இருக்கும். வோல்டேஜ் இழப்பைப் பாருங்கள். பேட்டரி பாசிட்டிவில் ஒரு முனை, பிளக்கின் தலையில் மறுமுனை. இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. இரண்டு, மூன்று என்று காட்டினால் வழியில் எங்கோ திருட்டு. பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையிலும் இதேபோல் பாருங்கள், ஏனென்றால் மின்சாரம் திரும்புவது எர்த் பட்டை வழியாகத்தான். அது அரித்திருந்தால் செல்ஃபும் சோர்ந்து சுற்றும். பிளக்கின் தலைக்கு வோல்டேஜே வரவில்லை என்றால் பியூஸையும், பிளக்குகளுக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலேயையும் பார்க்க வேண்டும். கெட்ட முனையை உப்புத்தாளால் தேய்ப்பது தற்காலிகம்தான். வெட்டிவிட்டு, ஈயம் பூசிய புது முனையை அழுத்திப் பொருத்தி வாஸ்லின் தடவினால் நாள்பட நிற்கும்.

வழி சரியாக இருந்தால் மட்டும் பிளக்கைச் சோதிக்கலாம். ஒயரைக் கழற்றிவிட்டு, தலைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே மீட்டரை வையுங்கள். ஓரிரு ஓம் காட்டினால் கம்பி அறவில்லை; முடிவிலி என்றால் செத்துவிட்டது. புதிய கார்களில் 12 வோல்ட்டுக்குப் பதில் 5 வோல்ட் அளவில், கட்டுப்பாட்டுப் பெட்டி விட்டுவிட்டுச் செலுத்தும் மின்சாரத்தில் இயங்கும் பிளக்குகள் உண்டு. மேலே சொன்ன வோல்டேஜ் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. அவற்றைப் பேட்டரியில் நேராக வைத்துப் பார்த்தால் அங்கேயே பொசுங்கும். அங்கே காரின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிவாகும் பழுதுக் குறிகளைப் படிக்கும் ஸ்கேனர்தான் வழி: பி0671 முதல் பி0674 வரையுள்ள குறிகள் ஒன்று முதல் நான்கு வரையுள்ள சிலிண்டர்களைச் சுட்டும்.

கழற்றுவதில் அவசரம் ஆகாது. உப்பில் இறுகிய பிளக் முறிந்தால் ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம். துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவைத்து, எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்க வேண்டும். வெளியே வந்த நுனி உருகியோ வீங்கியோ இருந்தால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, ரிலே ஒட்டிக்கொண்டு அணையாமல் நிற்கிறதா என்று பார்க்காமல் புதியதை மாட்டாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் காலைப் புகை நிற்கவில்லை என்றால், பிளக்கைத் திரும்ப முறுக்குவதற்கு முன் அந்த ஓட்டையிலேயே, சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை மாட்டிப் பார்த்துவிடலாம். பல டீசல் எஞ்சின்களில் அந்தக் கேஜ் பொருந்துவதும் அந்த இடத்தில்தான்.